பரங்கி விதையைச் சமையலுக்குள் கொண்டுவாருங்கள்

சில மாதங்களுக்கு முன் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண், கைப்பையிலிருந்து சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். "மேடம், மூணு மாசமா தினமும் இதைச் சாப்பிடுறேன், ரத்தம் ஏறவே மாட்டேங்குது" என்றார். திறந்தால் வறுத்த பூசணி விதை. பாதி கருகியிருந்தது, பாதி பச்சையாகவே இருந்தது, மூக்கருகே கொண்டுபோனதுமே சிக்கு வாடை. விசாரித்தால், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி விதையும் அதற்கு மேல் ஒரு டம்ளர் டீயும் குடித்து வந்திருக்கிறார். ஹீமோகுளோபின் முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

அவர் சோம்பேறித்தனமாக எதையும் விடவில்லை. மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் செய்திருக்கிறார். அந்த அக்கறை வீணாய்ப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கணக்கைப் பார்த்துவிடுவோம். ஓடு நீக்கிய 100 கிராம் விதையில் இரும்புச்சத்து 8 முதல் 9 மில்லிகிராம் வரை இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி என்பது சுமார் 10 கிராம், அதாவது 1 மில்லிகிராம்கூட முழுதாகத் தேறாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும். இருக்கிற அந்தக் கொஞ்சத்தையும் விதையில் இயற்கையாகவே உள்ள ஃபைட்டேட் என்ற பொருள், உடம்பு உறிஞ்ச விடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது, பின்னாலேயே போகும் டீ இன்னும் தடுக்கிறது. மாத்திரையின் வேலையை இந்த விதையால் செய்ய முடியாது. ரத்தசோகைக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர்கள், விதை சாப்பிடுகிறோம் என்று அதை நிறுத்தவே கூடாது.

அப்படியானால் பூசணி விதையால் பிரயோசனமே இல்லையா என்று கேட்டால், நிறைய இருக்கிறது. 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் புரதம் இருக்கிறது. முந்திரியில் 18 கிராம்தான். மக்னீசியம் 500 மில்லிகிராமுக்கு மேல், துத்தநாகம் 7 மில்லிகிராமுக்கு மேல். அதே சமயம் கிட்டத்தட்ட பாதி எடை கொழுப்பு, 100 கிராமுக்கு 550 கலோரிக்கு மேல் வரும். அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது, ஸ்பூன் கணக்கில் மருந்து மாதிரி விழுங்காதீர்கள், சமையலில் சேருங்கள் என்று. குருமாவில் முந்திரி விழுதுக்குப் பதில், சாயங்காலம் மிக்சருக்குப் பதில், துவையலில் பாதித் தேங்காய்க்குப் பதில் என்று அது இன்னொன்றின் இடத்தைப் பிடிக்கும்போதுதான் உடம்புக்கு லாபம். இருக்கிற சாப்பாட்டுக்கு மேல் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டால் எடைதான் கூடும்.

எந்த விதை என்ற குழப்பமும் இருக்கிறது. நான் சொல்வது மஞ்சள் பூசணி, அதாவது பரங்கிக்காய். சிலர் சர்க்கரைப் பூசணி என்பார்கள், கொங்குப் பக்கம் அரசாணிக்காய். திருஷ்டிக்கு உடைக்கும் வெள்ளைப் பூசணி வேறு காய். கடையில் பாக்கெட்டில் வரும் பச்சை நிறப் பருப்பு, ஓடு நீக்கியதாகவோ ஓடே இல்லாமல் விளையும் ரகத்தினுடையதாகவோ இருக்கும். அது வசதிதான், ஆனால் பொங்கலுக்குப் பரங்கிக்காய் வெட்டும் வீட்டில் குடலோடு சேர்த்து விதையைக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த வாரம் அதையே பாக்கெட்டில் வாங்குவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

முற்றிய காயாக வாங்கினால் விதை கனமாக இருக்கும். குடலை ஒரு பாத்திரம் தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்தால் விதை தனியே வந்துவிடும். காகிதத்தில் காயவைக்காதீர்கள், ஒட்டிக்கொண்டு பிய்த்து எடுக்க வேண்டியிருக்கும். தட்டிலோ முறத்திலோ பரப்பி இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் காட்டுங்கள். காய்ந்த விதையைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டினால் ஓரம் பிளக்கும், பிறகு பருப்பை எடுப்பது சுலபம். நகவெட்டியால் ஓரத்தை நறுக்கி உரிப்பவர்களும் உண்டு. பொறுமை வேண்டிய வேலை, மறுக்கவில்லை. டிவி பார்க்கும்போது மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து உரித்து முடித்துவிடும் வீடுகளும் எனக்குத் தெரியும்.

இப்போது வறுப்பது. இங்கேதான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. அடி கனமான வாணலி, எண்ணெய் வேண்டாம், சிறு தீ. விதையைப் போட்டுக் கரண்டியால் விடாமல் கிளறுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது, அந்த நேரத்தில்தான் பொறுமை போய்த் தீயைக் கூட்டுகிறோம், கூட்டாதீர்கள். அப்புறம் ஒன்று இரண்டாகப் படபடவென்று வெடிக்க ஆரம்பிக்கும், தட்டையாக இருந்த பருப்பு காற்று ஊதியது போல உப்பும், பச்சை நிறத்தில் அங்கங்கே பொன்னிறம் தட்டும். நெய் காய்ச்சும்போது வருமே, கிட்டத்தட்ட அப்படி ஒரு வாசனை வரும். வெடிக்கும் சத்தம் குறையும்போது அடுப்பை அணைத்து, உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகி, கசப்பு ஏறிவிடும். உப்பு போட வேண்டுமென்றால் ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கடைசி நிமிடத்தில் தெளியுங்கள், கொஞ்சம் உப்பே எல்லா விதையிலும் பிடித்துக்கொள்ளும். கடையில் விற்கும் உப்பு போட்ட பாக்கெட்டில் சோடியம் எவ்வளவு என்று பின்பக்கம் பாருங்கள், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் கட்டாயம் பாருங்கள்.

காரத்தில் எனக்கு முதல் இடம் பொடிக்குத்தான். ஒரு கப் வறுத்த விதை, கால் கப் உளுந்து, எட்டு வரமிளகாய், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, சின்னக் கோலி அளவு புளி, ஐந்து பல் பூண்டு, பெருங்காயம், உப்பு. விதையைத் தவிர மற்றதைத் தனித்தனியாகச் சிவக்க வறுத்து, ஆறவிட்டு, முதலில் அரைத்துவிடுங்கள். விதையைக் கடைசியில் போட்டு, மிக்ஸியை விட்டு விட்டுச் சுற்றுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் கக்கி, பொடி கட்டி கட்டியாகிவிடும். இட்லிக்கு நல்லெண்ணெயில் குழைத்துக்கொள்ளலாம், சூடான சாதத்தில் போட்டுப் பிசையலாம், கத்திரிக்காய் வதக்கும்போது கடைசியில் தூவலாம்.

இந்தக் காயின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். பரங்கி என்ற பெயரே அது பரங்கியரோடு வந்ததைச் சொல்கிறது. மெக்சிகோவில் விதையையும் சமையலுக்குள் வைத்தே பழகியிருக்கிறார்கள். அங்கே யுகாடான் பகுதியில் மாயா மக்கள் செய்யும் சிக்கில் பாக் என்ற ஒன்றைப் பற்றிப் படித்ததும் எனக்கு நம்மூர்த் தக்காளித் துவையல்தான் ஞாபகம் வந்தது. வறுத்த பூசணி விதையை அரைத்து, சுட்ட தக்காளி, மிளகாய், கொத்தமல்லியோடு சேர்ப்பார்கள். நான் அதை நம் கைப்பக்குவத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு தக்காளியைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, அரை கப் வறுத்த விதை, நான்கு பச்சை மிளகாய், ஒரு பிடி கொத்தமல்லி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, கடுகு தாளிக்கிறேன். தோசைக்கு அவ்வளவு பொருத்தம். கொத்தமல்லியில் இருக்கும் வைட்டமின் சி, விதையில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும் என்பது கூடுதல் நன்மை, அதற்காகவே ஒரு எலுமிச்சை மூடியும் பிழிந்துவிடுவேன்.

குருமாவுக்கு, வறுத்த விதை இரண்டு மேசைக்கரண்டியை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, நைசாக அரைத்து ஊற்றுங்கள். முந்திரி போலவே கெட்டியாகும். நிறம் கொஞ்சம் பச்சை கலந்து வரும், மஞ்சள்தூளைக் கூட்டினால் சரியாகிவிடும். பரங்கிக்காய்க் கூட்டிலேயே அதன் விதையைத் தாளிப்பில் வறுத்துப் போடுவதும் உண்டு, வெந்து குழைந்த காய்க்கு நடுவே கடிபட நன்றாக இருக்கும்.

இனிப்பில் கடலை மிட்டாய் முறைதான் எளிது. ஒரு கப் வறுத்த விதைக்கு முக்கால் கப் வெல்லம். கரைத்து வடிகட்டி மறுபடி அடுப்பில் ஏற்றி, பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'ணங்' என்று சத்தம் வர வேண்டும். அந்தப் பதத்தில் ஏலக்காய், சுக்குத்தூள், விதை எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பி, சூடு ஆறுவதற்குள் கோடு போட்டுவிடுங்கள். பாகு வைக்கப் பயமாக இருக்கிறதா, வறுத்த விதையையும் எள்ளையும் பொடித்து, கொட்டை நீக்கிய பேரீச்சையோடு மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி உருண்டை பிடியுங்கள். சர்க்கரைப் பொங்கலில் பாதி முந்திரிக்குப் பதில் இதை நெய்யில் பொரித்துப் போட்டாலும் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஒன்று. சர்க்கரை நோயாளிகள் "வெல்லம்தானே, பேரீச்சைதானே, விதையும் இருக்கே" என்று என்னிடம் சொல்லும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. வெல்லமும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், பேரீச்சையும் ஏற்றும். அவர்களுக்கு நான் சொல்வது பொடியும் துவையலும்தான்.

எவ்வளவு என்பதற்குப் பதில், மற்ற கொட்டைகளும் சேர்த்து ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம், அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் தங்கள் மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேட்காமல் தொட வேண்டாம், இதில் பாஸ்பரசும் பொட்டாசியமும் அதிகம். ஓட்டோடு வறுத்ததை நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மலச்சிக்கல் வரும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முழு விதை கொடுக்கவே கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். நைசாகப் பொடித்துக் கஞ்சியிலோ சத்துமாவிலோ கலந்து கொடுங்கள்.

விவசாயக் கடையில் விதைப்பதற்கென்று விற்கும், சிவப்போ நீலமோ பூசிய விதையைச் சமையலறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், அதில் பூச்சி, பூஞ்சைக்கான மருந்து கலந்திருக்கும். காயை வெட்டி ஒரு துளி நாக்கில் வைக்கும்போது கசந்தால், காயையும் விதையையும் சேர்த்தே தூக்கிப் போடுங்கள். அந்தக் கசப்பு சமைத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும்.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். அன்று அவரிடம் முதலில் மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லி மருத்துவரிடம் அனுப்பினேன், டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொன்னேன். டப்பாவில் இருந்ததைக் கொட்டிவிடச் சொன்னபோது தயங்கினார், "காசு போட்டு வாங்கினது மேடம்" என்றார். விதையில் இருக்கும் கொழுப்பு காற்றும் வெளிச்சமும் பட்டால் சீக்கிரம் சிக்குப் பிடித்துவிடும், அந்த வாடை வந்தபின் வறுத்தாலும் திரும்பாது என்று விளக்கியதும் புரிந்துகொண்டார். இனி வாங்கினால் கால் கிலோவுக்கு மேல் வாங்காமல், பச்சையாகவே காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வறுக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், டப்பா மேல் வாங்கிய தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள்.