காலிபரேஷன்: திருத்தமா, ஒப்பீடா?

ஒரு பிரஷர் கேஜுக்கு (அழுத்தமானிக்கு) காலிபரேஷன் முடிந்தது என்றால், அதைச் சரிசெய்துவிட்டார்கள் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். 'அளவுத்திருத்தம்' என்று நாம் தமிழில் எழுதுவதும் இதற்கு ஒரு காரணம்.

காலிபரேஷன் என்ற சொல்லின் வேர் அரபியில் இருக்கிறது. அங்கே 'காலிப்' என்றால் அச்சு. காலணி செய்பவர் தோலை இழுத்துப் பொருத்தும் பாத அச்சும் அதுதான். ஐரோப்பிய மொழிகளுக்குப் போய் 'காலிபர்' ஆனபோது அது துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறித்தது. அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் வெப்பமானிக் குழாய்க்கு வந்தது. நூல் போன்ற ஒரு சிறு பாதரசத் துண்டைக் குழாய்க்குள் நகர்த்திக்கொண்டே போவார்கள். துளை குறுகிய இடத்தில் துண்டு நீளும், அகன்ற இடத்தில் சுருங்கும். அந்த நீளங்களைக் குறித்துக்கொள்வார்கள். குழாயின் துளையை யாரும் மாற்றுவதில்லை. அது எங்கே எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்துகொள்வதோடு சரி.

இன்றைய பொருளும் இதுவே. ஒப்பிடுவதற்கு அடிப்படையாக வைத்திருக்கும் நியமக் கருவி 10.0 பார் (அழுத்தத்தின் அலகு) காட்டும்போது நம் கேஜ் 10.2 காட்டுகிறது. பிழை +0.2 என்று, அளவீட்டின் ஐயப்பாட்டையும் (அந்த அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதையும்) சேர்த்துப் பதிகிறோம். காலிபரேஷன் அவ்வளவுதான். அந்தப் பிழை அனுமதித்த வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது சரிபார்ப்பு. திருகைத் திருப்பி 10.0-க்குக் கொண்டுவருவது சரிசெய்தல். அதைச் செய்தால் மறுபடியும் ஒப்பிட்டாக வேண்டும்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. கருவி வந்ததும் முதல் வேலையாகத் திருகைத் தொட்டுவிட்டால், அது இதுவரை எவ்வளவு தவறாகக் காட்டியது என்பதற்கான சாட்சியே அழிந்துபோகும். பிழை வரம்பைத் தாண்டியிருந்தால், போன காலிபரேஷனுக்குப் பிறகு அந்தக் கருவியால் அளந்த பொருள்களையெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும். காலிபரேஷன் நிர்வாகத்தில் மிகக் கடினமான வேலை இதுதான். அடுத்த தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டுவது எளிது.

அதனால் 'அளவொப்பீடு' என்ற சொல்லையே நான் பரிந்துரைப்பேன். அளவொப்பீட்டுச் சான்றிதழ், அளவொப்பீட்டு இடைவெளி என்று தடையில்லாமல் நீள்கிறது. பேச்சில் காலிபரேஷன் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். பதிவேட்டில் மட்டும் 'அளவொப்பீடு', 'சரிசெய்தல்' என இரண்டு தனிப் பத்திகள் வேண்டும், முதலாவது முதலில்.