நடுங்கினால் விசுவாசம் இல்லையா?

ஐந்தாம் படிவ மாணவர்களின் எஸ்.பி.எம். வாய்மொழித் தேர்வு நெருங்கும்போதும், கிறிஸ்துமஸ் ஒத்திகை தொடங்கும்போதும் சுங்கை சிப்புட்டில் என் ஆலோசனை அறைக்கு மேடைப் பயம் பிடித்த ஒரே மாதிரிப் பிள்ளைகள்தான் வருகிறார்கள். அம்மா பேசுவார். பிள்ளை நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக வந்தவன் சபையில் கீபோர்டு வாசிக்கிற பையன். ஆராதனை நடுவே விரல் ஓடவில்லை, எழுந்து வெளியே போய்விட்டான். அதைக்கூடத் தாங்கியிருப்பான். பிறகு மீஹூன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஓர் ஆன்ட்டி, "பயம் ஆண்டவர் கொடுக்கிற ஆவி இல்லப்பா, உனக்கு ஜெபம் பத்தல" என்றாராம். அன்றிலிருந்து கீபோர்டையும் தொடுவதில்லை, பைபிளையும் திறப்பதில்லை.

போதும் ஐயா. இந்த ஒரு வசனத்தை வைத்து இன்னும் எத்தனை பிள்ளைகளை அடிப்பீர்கள்?

அந்த ஆன்ட்டி எடுத்துச் சொன்ன 2 தீமோத்தேயு 1:7 எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு மூன்று வசனம் மேலே, தன் இளம் உடனூழியன் தீமோத்தேயுவின் கண்ணீரை நினைத்துக்கொள்வதாக அப்போஸ்தலன் பவுல் எழுதுவது யாருக்கும் கண்ணில் படுவதில்லை. துவண்டிருக்கும் இளைஞனை "பிரியமுள்ள குமாரன்" என்று அழைத்துத் தூக்கி நிறுத்தும் கடிதம் அது. குற்றப்பத்திரிகை இல்லை. அதே பவுல், கொரிந்துக்காரர்களிடம் வந்தபோது பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் இருந்தேன் என்று 1 கொரிந்தியர் 2:3-இல் ஒளிக்காமல் எழுதுகிறார். பவுலுக்கும் ஜெபம் பத்தவில்லையா? நடுங்கினார், ஆனாலும் பேசினார். பயம் வந்ததா என்று பிள்ளையைத் துருவாதீர்கள்.

கை நடுங்குவது, வாய் உலர்வது, வயிறு கலக்குவது எல்லாம் உடம்பு செய்கிற வேலை. போதகருக்கும் கால் நடுங்கும். பிரசங்க மேசை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

எனக்குக் கவலை அதற்கு அடியில் கிடப்பதுதான். விடியுமுன் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போனவர்களின் பிள்ளைகள்தான் இன்று தாமான் குடியிருப்பு வீடுகளில் பெற்றோர். பிள்ளை வாங்கும் 'ஏ' அவர்களுக்கு இரண்டு தலைமுறை உழைப்பின் ரசீது. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையின் காதில் அது "தோற்றால் நீ எங்களுக்கு யாருமில்லை" என்றுதான் விழுகிறது. மத்தேயு 3-ஐப் பாருங்கள். யோர்தான் கரையில் "என்னுடைய நேசகுமாரன்" என்ற சத்தம் கேட்டபோது இயேசு ஒரு பிரசங்கமும் செய்திருக்கவில்லை, ஒரு நோயாளியையும் குணமாக்கியிருக்கவில்லை. இதை ஞாயிற்றுக்கிழமை பிரசங்கிக்கிறோம். ரிப்போர்ட் கார்டு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

தம்பி, தங்கைகளே, ஜெபம் பண்ணுங்கள். ஆனால் ஒத்திகைக்குப் பதிலாக அல்ல. வீட்டில் நாலு பேரை உட்காரவைத்து வாசியுங்கள், பேசுங்கள். தப்பினால் முதலிலிருந்து தொடங்காதீர்கள். தப்போடு தொடர்ந்து போகப் பழகுங்கள். மேடை ஏறுமுன் மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுங்கள். முந்தின இரவு தூங்குங்கள், காலையில் சாப்பிடுங்கள். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான், புத்திமதி அல்ல.

நடுக்கம் அடங்கும் என்று கூட்டாளி கொடுத்த புரோப்ரானோலோல் (இதயத் துடிப்பைக் குறைக்கும்) மாத்திரை போடுகிற வேலை வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது மூச்சை அடைத்துவிடலாம். டாக்டரைப் பார்க்காமல் தொடவே கூடாது.

பெற்றோரே, "நான் செத்தா நல்லது" என்று பிள்ளை சொன்னால் ஜெபத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தனியே விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

போதகர்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். தவறிய பிள்ளைக்கு "ஓய்வு" கொடுத்து உட்காரவைக்காதீர்கள். ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும். அடுத்த வாரமே தெரிந்த பாட்டு ஒன்றை, ஒரே ஒரு சரணமாவது, வாசிக்கக் கூப்பிடுங்கள். பக்கத்தில் இன்னொருவர் நிற்கட்டும். முடிந்ததும் சாட்சி சொல்லச் சொல்லி மைக்கை நீட்டாதீர்கள்.