செட்டிநாட்டு வீட்டில் கடல்நீர்த் தொட்டி: உப்பு போட்டால் மட்டும் போதுமா?

கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் என்று சில வருடம் வளர்த்துப் பழகியவர்களின் கண் அடுத்துப் போவது பெரும்பாலும் நிமோ என்ற கடல் மீன் மேல்தான். கடலும் நமக்கு ஒன்றும் தூரமில்லை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை தாண்டினால் தொண்டி. இருக்கிற தொட்டியில் உப்பைக் கரைத்தால் ஆகாதா, நாலு கேன் கடல்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. காரணம் மீனின் உடம்பிலேயே இருக்கிறது.

கெண்டையானாலும் நிமோவானாலும் ரத்தத்தில் இருக்கும் உப்பின் அளவில் பெரிய வித்தியாசமில்லை. கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வெளியே இருக்கும் தண்ணீர் முற்றிலும் வேறு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, ஊருணித் தண்ணீரில் ஒரு கிராம்கூடத் தேறாது. மெல்லிய சவ்வுக்கு இரண்டு பக்கமும் உப்பு வேறுபட்டால், தண்ணீர் உப்பு கூடிய பக்கத்துக்கு நகரும். உப்பில் போட்ட மாவடு சுருங்கித் தண்ணீர் விடுவது இதனால்தான். ஊருணியில் இருக்கும் கெண்டைக்கு உடம்புக்குள்தான் உப்பு அதிகம், அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அது தண்ணீர் குடிப்பதே அரிது; நீர்த்த சிறுநீராக வெளியே தள்ளிக்கொண்டு, செவுளால் உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடல் மீனுக்கு எல்லாம் தலைகீழ். உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருப்பதால் அது கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. கூடுதல் உப்பைச் செவுளில் உள்ள தனி செல்கள் வெளியே அனுப்புகின்றன. கோல்டு ஃபிஷ்ஷைக் கடல்நீரில் விட்டால் அதன் செவுளும் சிறுநீரகமும் எதிர்த் திசையில் வேலை செய்யும், உடம்பு வற்றிச் செத்துவிடும். கொடுவா, மடவை, மோலி போன்ற சில மீன்களுக்கு மட்டும் இந்த ஏற்பாட்டை மெல்ல மெல்ல மாற்றிக்கொள்ளும் திறமை உண்டு. மற்றவற்றுக்குப் புது வீடு பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் தொட்டியை மாற்ற வேண்டும்.

சரி, எந்த உப்பு? சமையல் உப்பு வெறும் சோடியம் குளோரைடு. கடல்நீரில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட், பைகார்பனேட் எல்லாம் சேர்ந்திருக்கின்றன, பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8.1, 8.2 அளவில் நிலையாக நிற்பது பைகார்பனேட்டால்தான். அதனால் மீன் கடைகளில் கிடைக்கும் மெரைன் சால்ட் என்ற உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். 100 லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ பிடிக்கும். கலந்தபின் உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்ட வேண்டும்.

கலக்கும் பாத்திரத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பரணில் இருக்கும் பித்தளை அண்டாவோ செப்புக் குடமோ இதற்கு உதவாது. உப்புத் தண்ணீர் செம்பைக் கரைக்கும். மீன் தாங்கக்கூடிய அளவுச் செம்புகூட இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். பிளாஸ்டிக் டிரம்தான் சரி. பழைய தொட்டியில் செம்பு கலந்த மருந்து ஊற்றியிருந்தால் அந்தக் கூழாங்கல்லையும் தூக்கி எறிந்துவிடுங்கள். முற்றத்தில் பிடித்த மழைத்தண்ணீர் சுத்தமானதாகத் தெரியும், ஆனால் தகர வடிகால் வழியாக இறங்கினால் துத்தநாகம் சேர்ந்துவரும். போர் தண்ணீரும் வேண்டாம். ஆர்ஓ தண்ணீர் நல்லது; வீட்டு மெஷினில் சுவைக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் ஏற்பாடு இருந்தால் அதை மூடிவிட்டுப் பிடிக்க வேண்டும்.

தொண்டித் தண்ணீரை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொண்டி இருக்கும் பாக் விரிகுடா ஆழம் குறைந்தது; கரையோரம் கலங்கல், படகு எண்ணெய் எல்லாம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும் இறங்கிவிடும். அதில் இருக்கும் நுண்ணுயிர்கள் கேனுக்குள் செத்து அம்மோனியாவாகும். கடற்கரையில் பவளப் பாறைத் துண்டு கிடைத்தாலும் எடுக்காதீர்கள். பவளங்கள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை, உயிரில்லாத துண்டுக்கும் அது பொருந்தும். மீனையும் தொட்டியில் பிறந்ததாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் நிமோவைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. கடலிலிருந்து பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

தொட்டியைச் சைக்கிள் செய்வது, அதாவது மீன் விடுமுன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவை வளர்ப்பது, உங்களுக்குத் தெரிந்ததுதான்: கழிவில் வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். ஆனால் நன்னீரில் பழகிய பாக்டீரியாவை நம்பிப் பழைய ஃபில்டரை அப்படியே வைக்க முடியாது, உப்பில் அவை முடங்கிவிடும். புதிதாகத் தொடங்க வேண்டும். ஒரு பச்சை இறாலைத் தொட்டியில் போட்டு அழுகவிட்டால் அம்மோனியா கிடைக்கும். நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இங்கே அவசரப்பட்டால் விலை அதிகம். அம்மோனியாவின் விஷம் மிகுந்த வடிவம் பிஎச் ஏற ஏறக் கூடும். பிஎச் 7இல் இருப்பதைவிட 8.2இல் பத்து மடங்குக்கும் மேல். நன்னீரில் மீன் சமாளித்த அதே அளவு இங்கே செவுளை எரித்துவிடும். நைட்ரைட் விஷயத்தில் மட்டும் கடல்நீர் கருணை காட்டுகிறது, அதில் உள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் நுழையவிடாமல் போட்டி போடும்.

புதிதாக வாங்க வேண்டிய கருவி, கழிவை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர். எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் மிகப் பிடித்ததும் இதுதான். நன்னீரில் சின்னக் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துபோகும். உப்பு அந்தச் சேர்க்கையைத் தடுப்பதால் கடல்நீரில் குமிழிகள் பொடியாகவே நிற்கின்றன. மீன் கழிவில் உள்ள கரிமப் பொருள்களுக்குத் தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. கோடிக்கணக்கான பொடிக் குமிழிகள் அவற்றைச் சுமந்து மேலே ஏறி, பழுப்பு நுரையாகக் கிண்ணத்தில் வழியும். கழிவு அழுகி அம்மோனியாவாவதற்கு முன்பே வெளியே போய்விடுகிறது.

கடைசியாக நம் ஊர் வெயில். இந்த மீன்களுக்கு 25, 26 டிகிரி போதும். வளவு முற்றத்தில் வெயில் விழும் இடத்தை விட்டு, கனத்த சுவர் உள்ள உள்ளறையில் தொட்டியை வையுங்கள். கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, சூடு ஏறினால் இன்னும் குறையும். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். தண்ணீரின் மேல்பரப்பில் சின்ன விசிறிக் காற்று படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சித்திரை, வைகாசியின் வறண்ட காற்றில் இது நன்றாகவே வேலை செய்யும். அப்போது தண்ணீரும் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். 100 லிட்டரில் 5 லிட்டர் போனால் 35 கிராம் கிட்டத்தட்ட 37 ஆகிவிடும். ஆகவே தினமும் ஈடுகட்ட ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி அளவுக் குறி வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் அந்தக் குறி வரை நிரப்புங்கள். ஐப்பசி மழையில் காற்று ஈரமானதும் ஊற்றும் அளவு தானாகக் குறையும், விசிறியையும் நிறுத்திவிடலாம்.