இணைப்பு உண்டு, மின்சாரம்?

வீடு வீடாகப் போய் ஆற்றல் கணக்கெடுப்பது என் வேலை. படிவத்தில் முதல் கேள்வி, "மின் இணைப்பு உண்டா?" தலைக்கு மேல் பல்பு தெரிந்தால் "உண்டு" என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். நானும் பல காலம் அப்படித்தான் போனேன்.

ஒரு நாள் மாலை ஏழு மணி. மின்கம்பி போய் முடிகிற கடைசி வீடு. மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரைச் சும்மா பிளக்கில் வைத்துப் பார்த்தேன். 230 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 160. அந்த அழுத்தத்தில் குண்டு பல்பு இழுக்கும் வாட் ஏறத்தாழ பாதியாகும். வெளிச்சமோ மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மூலையில் ஒரு பழைய பிரிட்ஜ் நின்றது. கம்ப்ரஸர் கருகிப் போனதால் உள்ளே துணி அடுக்கியிருந்தார்கள். என் படிவத்தில் அந்த வீடும் "உண்டு"தான்.

இந்தக் குறைக்கு 2015-லேயே உலக வங்கி ஒரு மாற்று சொன்னது. மின்சாரம் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வருகிறது, அழுத்தம் சரியாக இருக்கிறதா, கட்டணம் தாங்குமா என்றெல்லாம் பார்த்து வீட்டை 0 முதல் 5 வரை அடுக்குகளில் வைப்பது. முதல் அடுக்குக்கு நாளுக்கு 4 மணி நேரம் போதும், ஐந்தாவதற்கு 23 மணி நேரம் வேண்டும். ஒரே "உண்டு"க்குள் இத்தனை தூரம்.

செலவுக் கணக்கிலும் ஒரு ஏமாற்று உண்டு. 1991-ல் பிரிட்டனில் பிரெண்டா போர்ட்மன் என்ற ஆய்வாளர் ஒரு அளவுகோல் வைத்தார்: வீட்டுக்குத் தேவையான ஆற்றலுக்கு வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் செலவிட வேண்டியிருந்தால் அது ஆற்றல் வறுமை. "தேவையான" என்ற சொல்லில்தான் உயிரே இருக்கிறது. வளரும் நாடுகளில் பல நேரம் குடும்பம் உண்மையில் செலவிட்டதை மட்டும் கூட்டிப் பார்க்கிறோம். இருட்டில் உட்கார்ந்து மிச்சம் பிடிப்பவர் அந்தக் கணக்கில் வசதியானவராகிவிடுகிறார்.

சரி, ஏன் இந்த நிலை? வருமானம் குறைவு என்பது பாதி பதில். பணம் வருகிற விதத்தையும் பார்க்க வேண்டும். இன்னொரு வீட்டில் கேஸ் சிலிண்டர் பளபளவென்று உறை போட்டு நின்றது, சமையல் விறகில் நடந்தது. கேட்டதற்கு அந்த அம்மா, "கூலி அன்னன்னைக்கு வருது சார், சிலிண்டர் மொத்தமா கேக்குது" என்றார். விறகை அன்றன்றைக்கு ஒரு கட்டு வாங்கலாம். ஆனால் மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகும். கேஸ் அடுப்பில் பாதிக்கு மேல் போகும். பல்பும் இதே கதைதான். 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி.க்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. மலிவாக வாங்கியது மாதாமாதம் வசூலிக்கிறது.

வாடகை வீட்டில் மீட்டர் உரிமையாளர் பெயரில் இருக்கும், சலுகையும் அவர் பெயருக்கே. புகையில் உட்காருவது பெரும்பாலும் பெண்கள், அடுப்பை மாற்றும் பணம் வேறொருவர் கையில். வீட்டுக்குள் சூழும் அந்தப் புகையால் 2020-ல் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

அப்புறம் அந்த 160 வோல்ட். பல நாடுகளில் மின் வாரியம் விற்கிற விலை, வாங்குகிற விலைக்குக் கீழே. நஷ்டத்தில் ஓடும் வாரியம் புது டிரான்ஸ்ஃபார்மர் போடத் தயங்கும். இருப்பதிலேயே இணைப்புகளைக் கூட்டிக்கொண்டே போகும். அழுத்தம் விழும்போது முதலில் அடிவாங்குவது கம்பியின் கடைசி வீடு.

நான் 160 என்று முணுமுணுத்ததைக் கேட்டு, அந்த வீட்டுக்காரர் என் படிவத்தை எட்டிப் பார்த்தார். "இதையும் எழுதிக்குவீங்களா?" அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.