சூரியகாந்திச் சின்னம் அணிந்தவர் யார்? ஜப்பானில் வழக்கறிஞரை நாடும் முன் அறிய வேண்டியவை

டோக்கியோவில் தமிழ், ஜப்பானிய மொழிகளுக்கிடையே உரைபெயர்ப்பாளராகப் பணியாற்றி வரும் இத்தனை ஆண்டுகளில், வழக்கறிஞர் அலுவலக வாசலில் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்வி, “உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே அண்ணா, நீங்களே ஒரு வழி சொல்லிவிடுங்களேன்” என்பதுதான். கேட்பவர்களின் தவிப்பு எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் நான் வழக்கறிஞர் அல்லேன். வழக்கறிஞர் அல்லாத ஒருவர் பணம் பெறும் நோக்கத்தோடு பிறருடைய சட்டத் தகராறுகளில் ஆலோசனை கூறுவதையும், அவர் சார்பில் எதிர்த்தரப்புடன் பேசுவதையும் தொழிலாகக் கொள்ளக் கூடாது என்று ஜப்பானின் வழக்கறிஞர் சட்டத்தின் 72-ஆவது பிரிவு தடுக்கிறது. மீறுபவருக்கு 2 ஆண்டுகள் வரை சிறையோ 30 லட்சம் யென் வரை அபராதமோ விதிக்கப்படலாம். உரைபெயர்ப்புக்குக் கூலி பெறும் நான், அதனோடு சேர்த்துச் சட்டக் கருத்தும் சொல்லத் தொடங்கினால் அந்தக் கோட்டைத் தாண்டியவனாவேன்.

இந்தத் தடையை வெறும் சம்பிரதாயமாக எண்ணிய ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அவர் ஓர் இந்திய உணவகத்தில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் சமையற்காரராக வேலை செய்தவர். மிகைநேர வேலைக்கான ஊதியம் அவருக்குத் தரப்படவே இல்லை. ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர் என்று அறிமுகமான ஒருவர், முதலாளியிடம் பேசிப் பணத்தைப் பெற்றுத் தருவதாகச் சொல்லி 2 லட்சம் யென் வாங்கிக்கொண்டார். சில முறை தொலைபேசியில் பேசியதைத் தவிர எழுத்தில் எதுவும் அனுப்பவில்லை. முதலாளி தரப்பு வழக்கறிஞர் ஒருவர், “நீங்கள் எந்தத் தகுதியில் பேசுகிறீர்கள்?” என்று கேட்டதும் அவர் அழைப்புகளை எடுப்பதையே நிறுத்திவிட்டார். இதற்குள் எட்டு மாதங்கள் கடந்திருந்தன. 2020 ஏப்ரலுக்குப் பின் தரப்பட வேண்டிய ஊதியத்தைக் கோருவதற்கு, அந்தந்தச் சம்பள நாளிலிருந்து 3 ஆண்டுகளே கால வரம்பு. எனவே ஒவ்வொரு மாதம் கழியும்போதும் பழைய மாதம் ஒன்றின் பாக்கி கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சமையற்காரர் நாடிய உண்மையான வழக்கறிஞர், முதல் சந்திப்பிலேயே சம்பள நாள்களைத்தான் கேட்டார். அந்த வாரமே, இன்ன நாளில் இன்ன வாசகம் அனுப்பப்பட்டது என்று அஞ்சலகமே சான்றளிக்கும் கடிதத்தை அனுப்பிக் கால வரம்பை ஆறு மாதங்களுக்கு நிறுத்தி வைத்தார். அந்த ஆறு மாதங்களுக்குள் தொழிலாளர் தீர்ப்பாய நடைமுறையில் மனு செய்தார். 2006-இல் தொடங்கிய அந்த நடைமுறை, பொதுவாக மூன்று அமர்வுகளுக்குள் முடிவு காண்பது. பணத்தின் பெரும்பகுதி கிடைத்தது. வீணாய்ப்போன எட்டு மாதங்களுக்கு ஈடான பாக்கி திரும்பவே இல்லை.

அவர் செய்த பிழைக்கு வேர் நம் ஊர்ப் பழக்கத்தில் இருக்கிறது. இந்தியாவில் சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்று, மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பதிந்துகொண்டு, அகில இந்தியத் தேர்விலும் தேறிவிட்டால் ஒருவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யலாம். ஆகவே சட்டம் படித்தவர் என்றாலே வக்கீல் என்று நம் மனம் எண்ணிக்கொள்கிறது. ஜப்பானில் அப்படி இல்லை. இங்குப் பல்கலைக்கழகச் சட்டத்துறையில் பட்டம் பெறும் பெரும்பாலானோர் நிறுவனங்களுக்கும் அரசுப் பணிக்கும்தான் செல்கிறார்கள். ‘பெங்கோஷி’ என்று அழைக்கப்படும் வழக்கறிஞராவதற்கு அந்தப் பட்டம் போதாது.

அந்தப் பாதை நெடியது. 2004 ஏப்ரலில் தொடங்கப்பட்ட முதுநிலைச் சட்டப் பள்ளிகளில் இரண்டோ மூன்றோ ஆண்டுகள் படித்துத் தேசிய நீதித்துறைத் தேர்வுக்கு வருவது ஒரு வழி. பள்ளிக்குச் செல்லப் பணமோ நேரமோ இல்லாதவர்களுக்காக 2011-இல் தொடங்கிய முன்தகுதித் தேர்வில் தேறி வருவது மற்றொரு வழி. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேரே தேறுகிறார்கள். எந்த வழியில் வந்தாலும் ஐந்து ஆண்டுகளுக்குள் ஐந்து முறைதான் தேசியத் தேர்வை எழுதலாம். அதற்குள் தேறாதவர் மீண்டும் தகுதி பெற விரும்பினால் தொடக்கத்திலிருந்தே வர வேண்டும். ஜூலை வெயிலில், நடுவில் ஒரு நாள் ஓய்வுடன் நான்கு நாள்கள் நடக்கும் அத்தேர்வில் அரசமைப்பு, நிர்வாகம், குடிமை (சிவில்), வணிகம், குற்றவியல் ஆகிய சட்டங்களையும், குடிமை, குற்றவியல் நடைமுறைச் சட்டங்களையும், விருப்பப் பாடம் ஒன்றையும் எழுத வேண்டும். 2024-இல் தேறியவர்கள் 1,592 பேர். எழுதியோரில் 42 சதவீதம்.

தேறிய பிறகும் அவர் வழக்கறிஞர் ஆகிவிடுவதில்லை. உச்ச நீதிமன்றத்தின் கீழ் சைதாமா மாகாணத்து வாகோ நகரில் இயங்கும் நீதித்துறைப் பயிற்சி நிறுவனத்தின் பொறுப்பில் ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சி பெற வேண்டும். இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டு: நீதிபதி, அரசு வழக்குரைஞர், வழக்கறிஞர் ஆகப்போகிற மூவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து, குடிமை நீதிமன்றம், குற்றவியல் நீதிமன்றம், அரசு வழக்குரைஞர் அலுவலகம், வழக்கறிஞர் அலுவலகம் ஆகிய நான்கு இடங்களிலும் மாறி மாறிப் பயில்கிறார்கள். இறுதியில் ‘இரண்டாவது தேர்வு’ என்று எல்லாரும் அழைக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. அதிலும் தேறினால்தான் பதிவு செய்துகொள்ள முடியும். 2011-இல் பயிற்சிக் கால ஊதியத்தை நிறுத்திக் கடனாகத் தரத் தொடங்கிய அரசு, 2017-இல் மாதம் 1,35,000 யென் உதவித்தொகையாக அதை மீண்டும் கொண்டுவந்தது. இடையில் அகப்பட்டுக்கொண்ட ஏறத்தாழ 11,000 பேரைப் ‘பள்ளத்தாக்குத் தலைமுறை’ என்கிறார்கள். நான் உரைபெயர்ப்புக்குச் செல்லும் அலுவலகங்களில் அத்தலைமுறையைச் சேர்ந்த சிலர் இருக்கிறார்கள். தொழிலில் நிலைகொண்ட பிறகும் அக்கடனைத் தவணையில் அடைத்து வருகிறார்கள். கட்டணம் எதிர்பார்க்க முடியாத அயல்நாட்டுத் தொழிலாளர் வழக்குகளை அவர்களும் ஏற்று நடத்துவதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

முன்பு இதைவிடக் கடினம். பழைய தேர்வில் நூற்றுக்கு மூவர்கூடத் தேறுவது அரிது. 1990 வரை ஆண்டுக்கு 500 பேர் அளவிலேயே தேறினார்கள். வழக்கறிஞர் பற்றாக்குறையைப் போக்க, தேறுவோரை ஆண்டுக்கு 3,000 ஆக உயர்த்துவது என்று 2002-இல் அமைச்சரவை முடிவு செய்தது. அந்த எண்ணிக்கை ஒருபோதும் எட்டப்படாமல் 2013-இல் இலக்கு கைவிடப்பட்டது. 74 ஆக இருந்த சட்டப் பள்ளிகளில் இன்று மாணவர்களைச் சேர்ப்பவை பாதிக்கும் குறைவு. இருந்தும் 2000-ஆம் ஆண்டில் 17,000 அளவில் இருந்த வழக்கறிஞர்கள் இப்போது 45,000-ஐத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் டோக்கியோவிலேயே இருப்பதால், தொலைதூர மாவட்டங்களில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு வழக்கறிஞரைத் தேடுவது இன்றும் எளிதில்லை.

ஜப்பானில் வழக்கறிஞராவதற்குக் குடியுரிமை தடையில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. தேர்வில் தேறிய அயல்நாட்டவர் பயிற்சியில் சேர ஜப்பானியக் குடியுரிமை பெற்றாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் முன்பு வலியுறுத்தி வந்தது. ஜப்பானில் பிறந்து வளர்ந்த கொரியரான கிம் கியோங் தோக், குடியுரிமை மாற மறுத்து மனுக்கள் அளித்துப் போராடி, 1977-இல் கொரியராகவே பயிற்சிக்கு அனுமதி பெற்றார். இங்கு வளரும் நம் பிள்ளைகளுக்கும் அக்கதவு திறந்தே இருக்கிறது. தம் நாட்டில் ஏற்கெனவே வழக்கறிஞராக இருப்பவர்கள், 1987 முதல் நடைமுறையில் உள்ள தனிச் சட்டத்தின்படி அயல்நாட்டுச் சட்ட வழக்கறிஞராகப் பதிந்துகொள்ளலாம். ஆனால் அவர்கள் தம் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை கூறலாமே தவிர, ஜப்பானிய நீதிமன்றத்தில் வாதாட முடியாது.

இனி, எதிரே அமர்ந்திருப்பவர் வழக்கறிஞர்தானா என்று எப்படி அறிவது? ஜப்பானிய நீதிமன்றத்தில் நீதிபதி கறுப்பு அங்கி அணிவார். வழக்கறிஞருக்கு அங்கி இல்லை. சாதாரணக் கோட்டின் மடிப்பில் பதினாறு இதழ் கொண்ட சூரியகாந்தியும் அதன் நடுவில் தராசும் பொறித்த சிறு சின்னம் இருக்கும். சூரியகாந்தி சுதந்திரத்தையும் நீதியையும், தராசு நடுநிலையையும் குறிக்கும். வெள்ளியின் மேல் பொன்முலாம் பூசப்பட்டதாகையால், மூத்தவர்களின் சின்னம் முலாம் தேய்ந்து வெள்ளியாய்த் தெரியும். பின்புறத்தில் பதிவு எண் இருக்கும். சின்னத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, ஜப்பான் வழக்கறிஞர் சங்கங்களின் கூட்டமைப்பின் இணையதளத்தில் தேடினால், எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர், அலுவலகம் எங்கே என்பது இலவசமாகவே தெரிந்துவிடும். எண்ணைக் கேட்பது அவமரியாதையாகுமோ என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். நான் பார்த்தவரை எந்த வழக்கறிஞரும் அதற்கு முகம் சுளித்ததில்லை.

இந்தக் கூட்டமைப்பும் அதன் கீழ் உள்ள 52 உள்ளூர்ச் சங்கங்களும் அரசின் அங்கம் அல்ல. 1949-க்கு முன் நீதி அமைச்சரின் மேற்பார்வையில் இருந்த வழக்கறிஞர்கள், அந்த ஆண்டின் புதிய சட்டத்தால் தம்மைத் தாமே ஆளும் உரிமை பெற்றார்கள். அரசை எதிர்த்து வழக்காடுபவரின் உரிமம் அரசின் கையில் இருக்கக் கூடாது என்பதே அதன் உட்பொருள். பதிவும் ஒழுங்கு நடவடிக்கையும் சங்கங்களின் பொறுப்பு. தவறு செய்த வழக்கறிஞர் மீது ஒழுங்கு நடவடிக்கை கோரும் உரிமை, கட்சிக்காரருக்கு மட்டுமல்லாமல் யாருக்கும் உண்டு, அயல்நாட்டவருக்கும் உண்டு.

வழக்கறிஞரைப் போலவே சட்டம் சார்ந்த வேறு உரிமம் பெற்றவர்களும் இங்கே இருக்கிறார்கள். விசா விண்ணப்பங்களுக்கு நம்மவர் பெரும்பாலும் நாடும் ‘கியோசெய் ஷோஷி’ அரசு அலுவலகங்களுக்கான ஆவணங்களைத் தயாரிப்பவர். அவருடைய சின்னமும் ஒரு பூதான், ஆனால் அது காஸ்மாஸ் பூ. அவர் தம் பணியில் தேர்ந்தவராக இருப்பார். ஆனால் முதலாளியோடும் வீட்டுக்காரரோடும் விவாகரத்து கோரும் துணையோடும் உங்களுக்காகத் தகராறு பேச அவருக்கு அதிகாரம் இல்லை. ‘ஷிஹோ ஷோஷி’ எனப்படுபவர் சொத்துப் பதிவு முதலியவற்றைக் கவனிப்பவர். உரிய சான்று பெற்றிருந்தால் 14 லட்சம் யென் வரையிலான கோரிக்கைகளில் சிறு நீதிமன்றத்தில் உங்கள் சார்பில் நிற்கலாம். அதற்கு மேற்பட்ட தொகை, வேறு நீதிமன்றம் என்றால் வழக்கறிஞர்தான்.

கட்டணம் பற்றி ஒரே ஒரு சொல். வழக்கைத் தொடங்க முன்பணமும், முடிவில் கிடைத்த பயனைப் பொறுத்து வெற்றிப் பணமும் பெறுவது பொதுவான வழக்கம். முன்பணம் தோற்றாலும் திரும்பாது. 2004 முதல் பொதுக் கட்டண விகிதம் இல்லாததால் அலுவலகத்துக்கு அலுவலகம் தொகை மாறும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வசதி குறைந்தவர்களுக்கு 2006-இல் நிறுவப்பட்ட ‘ஹோதெராஸு’ என்ற சட்ட உதவி மையம் இருக்கிறது. முறையான தங்கும் அனுமதி உள்ள அயல்நாட்டவரும் அங்கே ஒரே சிக்கல் குறித்து மூன்று முறை இலவச ஆலோசனை பெறலாம். வழக்குச் செலவை மையம் முதலில் கட்டும், நீங்கள் தவணையில் திருப்பித் தர வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கைதாகும் சூழல். காவல்துறைக்கு 48 மணி நேரம், அரசு வழக்குரைஞருக்கு 24 மணி நேரம், பிறகு நீதிபதியின் ஆணையோடு பத்தும் பத்துமாக 20 நாள்கள் என்று, குற்றச்சாட்டு பதிவாகும் முன்பே ஒருவரை 23 நாள்கள் வரை வைத்திருக்க முடியும். காவல்துறையோ அரசு வழக்குரைஞரோ விசாரிக்கும்போது வழக்கறிஞர் பக்கத்தில் அமர்வது நடைமுறையில் அனுமதிக்கப்படுவதில்லை. நீதிமன்றத்துக்குச் சென்ற குற்ற வழக்குகளில் 99 சதவீதத்துக்கு மேல் தண்டனையில் முடிவதால், வழக்கு தொடுக்கப்படும் முன் உள்ள அந்த நாள்களில்தான் வழக்கறிஞரின் உழைப்புக்குப் பயன் மிகுதி. வசதி இல்லாதவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞரை அமர்த்தும் ஏற்பாடு 2018 முதல் எல்லாக் குற்றங்களுக்கும் விரிந்திருந்தாலும், நீதிபதி காவல் ஆணையிட்ட பிறகே அது தொடங்கும். முதல் 72 மணி நேரத்து இடைவெளியை நிரப்புவது, 1990-இல் ஓய்தா மாகாணத்து வழக்கறிஞர்கள் தாமே தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் நாடெங்கும் பரவிய முறைவழி வழக்கறிஞர் திட்டம்; அதாவது வழக்கறிஞர்கள் தமக்குள் முறைவைத்து, கைதானவரைச் சென்று காணும் ஏற்பாடு. முதல் சந்திப்புக்குக் கட்டணம் கிடையாது. தேவையானால் உரைபெயர்ப்பாளரும் உடன் வருவார்.

அதைக் கேட்க ஒரு வாக்கியம் போதும். ஜப்பானில் வாழும் ஒவ்வொருவரும் இதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்று வேண்டுகிறேன்: “தோபன் பெங்கோஷி ஓ யோந்தே குதசாய்” – முறைவழி வழக்கறிஞரை அழையுங்கள். காவலரிடமோ அரசு வழக்குரைஞரிடமோ நீதிபதியிடமோ சொல்லலாம். அவர்கள் சங்கத்துக்குத் தெரிவிப்பார்கள். சந்திப்பு அறையில் தடுப்புப் பலகைக்கு அந்தப்புறம் நீங்கள் அமர்ந்திருப்பீர்கள். காவலர் எவரும் உள்ளே இருக்க மாட்டார். இந்தப்புறம் வரும் வழக்கறிஞர் தம் பெயர் அட்டையைப் பலகையோடு சேர்த்துப் பிடித்து, தாம் காவல்துறையைச் சேர்ந்தவர் அல்லர் என்றும், இங்கே பேசுவது வெளியே போகாது என்றும், விரும்பாத கேள்விக்கு விடை சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்றும் சொல்வார். அந்த மூன்றையும் அடுத்த நொடியே உங்களுக்குத் தமிழில் சொல்வதுதான், அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் என் வேலை.