பூதத்துக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

என் நண்பர் ஒருவர் ஆறு வருடமாக ஒரு மாயாஜாலக் கதை எழுதுகிறார். முதல் அத்தியாயம் இன்னும் முடியவில்லை. ஆனால் கதை நடக்கும் உலகம் தயார். அதன் பெயர் ஏழிருள். வரைபடம் இருக்கிறது, ராஜ வம்சம் இருக்கிறது, எந்தக் காட்டில் எந்தப் பேய் என்ற பட்டியலும் இருக்கிறது. அந்தப் பட்டியலை என்னிடம் நீட்டி, “இதில் எதெல்லாம் பிழைக்கும், பார்த்துச் சொல்” என்றார். எல்லாம் மந்திரம் என்று சொல்லிவிட்டால் பேச ஒன்றுமில்லை. நான் ஒவ்வொரு பேயிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: உனக்குச் சாப்பாடு எங்கிருந்து?

முதலில் மலைப்பூதம். மனிதனைப் போலவே உருவம், பத்து மடங்கு உயரம். அதாவது 18 மீட்டர். உயரம் பத்து மடங்கானால் அகலமும் தடிமனும் பத்துப் பத்து மடங்கு. ஆக எடை ஆயிரம் மடங்கு. 70 கிலோ ஆள் 70 டன் ஆகிவிடுவான். எலும்பின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, அது நூறு மடங்குதான் கூடும். எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் பழையதைவிடப் பத்து மடங்கு பாரம் தாங்க வேண்டும். நின்றால் சமாளிக்கலாம், ஓடினால் தொடை எலும்பு போயிற்று. இதை 1638-லேயே கலிலியோ எழுதிவிட்டார். சின்ன எலும்பையும், அதே வேலையைப் பெரிய விலங்கில் செய்ய வேண்டிய பருத்த எலும்பையும் பக்கத்தில் பக்கத்தில் படமும் போட்டுக் காட்டினார். மலைப்பூதத்துக்கு மனிதக் கால் ஆகாது. யானைக்கால் வேண்டும்: தூண் மாதிரி, நேராக, பருமனாக.

அதன் சாப்பாட்டுக் கணக்கில்தான் எனக்கே ஆச்சரியம். தினமும் ஆயிரம் பேர் சாப்பாடு என்று நண்பர் எழுதியிருந்தார். தேவையில்லை. உடல் எடை கூடும் வேகத்தில் பசி கூடுவதில்லை. பல விலங்குகளை ஒப்பிட்டு மாக்ஸ் கிளைபர் 1932-ல் காட்டிய கணக்கு இது: செலவாகும் ஆற்றல், எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. எடை ஆயிரம் மடங்கு என்றால் பசி சுமார் 178 மடங்குதான். கிலோவுக்கு இவ்வளவு என்று பார்த்தால், நம்மைவிட மலைப்பூதம் சிக்கனக்காரன். உண்மையான சாப்பாட்டு ராமன் மூஞ்சூறுதான். ஏறக்குறையத் தன் எடை அளவுக்கே ஒரு நாளில் தின்று தீர்க்கும். நண்பரின் கிராமத்து ஜனங்கள் 800 பேர் சோற்றை மிச்சம் பிடித்தார்கள்.

அடுத்தது தீவாயன். வாயிலிருந்து நெருப்பு. இதற்கு இயற்கையில் ஒரு சொந்தக்காரர் உண்டு: பாம்பார்டியர் வண்டு. அதன் வயிற்றில் இரண்டு அறைகள். ஒன்றில் ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சண்டையில்லாமல் கலந்து கிடக்கும். எறும்பு காலைக் கடித்தால், வண்டு அந்தக் கலவையை இரண்டாவது அறைக்குள் தள்ளும். அங்கே காத்திருக்கும் நொதிகள் பட்டதும் கலவை கொதித்து, ஏறக்குறைய 100 டிகிரி சூட்டில், ‘டப்’ என்ற சத்தத்தோடு பின்புறமாகப் பீய்ச்சும். அதுவும் ஒரே ஓட்டமாக வராது. நொடிக்குச் சுமார் 500 துடிப்புகளாக வரும். இடையிடையே அறை கொஞ்சம் ஆறுவதால்தான் வண்டு தானே வெந்து போகாமல் தப்பிக்கிறது. சரக்கு தீர்ந்தால் மறுபடி ஊறும் வரை அது வெறும் வண்டு. தீவாயனுக்கும் அதே கதிதான். நாயகன் அவனை நாலைந்து முறை சீண்டிவிட்டுக் காத்திருந்தால் போதும்.

உருமாறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 70 கிலோ அரக்கன் எலியாக மாறினால், அந்த எலியும் 70 கிலோ. மிச்ச எடையைத் தொலைக்கிறேன் என்று ஆற்றலாக்கினால் நண்பரின் ராஜ்யமே மிஞ்சாது.

காணாப்பேய் கொஞ்சம் பரிதாபம். உடல் முழுக்கக் கண்ணாடி, ஒளி அப்படியே ஊடுருவிப் போகும். ஆனால் பார்ப்பது என்றால் என்ன? விழித்திரை ஒளியை விழுங்க வேண்டும். விழுங்காமல் விட்டால் அந்தப் பேய்க்குக் கண் தெரியாது. விழுங்கினால், அந்தரத்தில் இரண்டு கரும்புள்ளிகள் மிதப்பது நமக்குத் தெரியும். ரத்தமும் தொல்லை. கண்ணாடித் தவளை தூங்கும்போது தன் சிவப்பணுக்களில் கிட்டத்தட்ட 90 சதவீதத்தைக் கல்லீரலுக்குள் ஒளித்து வைப்பதாக 2022-ல் கண்டறிந்தார்கள். விழித்து நடமாடத் தொடங்கினால் ரத்தம் ஓட வேண்டும், குட்டு வெளிப்படும்.

பட்டியலின் கடைசியில், ஏதோ பக்கத்தை நிரப்பச் சேர்த்த மாதிரி, ஒரு குட்டிச்சாத்தான். இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் சின்னக் கதவைத் திறந்து மூடுவது மட்டுமே அதன் வேலை. அடிக்காது, கடிக்காது. ஆனால் நிஜ இயற்பியலாளர்களை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தூங்கவிடாமல் செய்தது இதுதான். நண்பருக்கு அது தெரியாது.

1867-ல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தன் நண்பர் டெய்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் இது முதலில் வந்தது. ‘பேய்’ என்று பெயர் வைத்தது பின்னால் கெல்வின். சாதாரண அறைக்காற்றின் மூலக்கூறுகள் நொடிக்குச் சராசரியாக 470 மீட்டர் வாக்கில் பறக்கின்றன. சில அதைவிட வேகம், சில மந்தம். வேகமானது வந்தால் கதவைத் திறந்து வலப்பக்கம் விடு, மந்தமானதை இடப்பக்கம் விடு. கொஞ்ச நேரத்தில் வலது அறை சூடு, இடது அறை குளிர். கதவுக்கு உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால் வேலையே செய்யாமல் ஓர் இன்ஜினை ஓட்டலாம். வெப்பம் தானாகக் குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கம் போகாது என்கிறது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. அது இங்கே பொய்த்துப் போகிறதா?

மூலக்கூறைப் பார்ப்பதற்கே செலவாகுமே என்றார்கள். லியோ சிலார்ட் 1929-ல் அந்த வழியில்தான் கணக்கை நேர் செய்தார். ஆனால் உண்மையான செலவு வேறு இடத்தில் இருந்தது. குட்டிச்சாத்தான் ஒவ்வொரு மூலக்கூறையும் பார்த்து, வேகமா மந்தமா என்று எங்கோ குறித்துக்கொள்கிறது. அதன் நோட்டுப் புத்தகம் என்றாவது நிரம்பும். தொடர்ந்து வேலை செய்ய, பழையதை அழித்தாக வேண்டும். அழிப்பது இலவசமில்லை என்று ரால்ஃப் லாண்டவர் 1961-ல் சொன்னார்: ஒரு பிட்டை, அதாவது ‘வேகமா, மந்தமா’ என்பது போன்ற இரண்டில் ஒன்று என்ற ஒரு குறிப்பை, அழித்தால் குறைந்தது இவ்வளவு வெப்பம் வெளியே போயே தீரும். அறை வெப்பநிலையில் அது ஜூல் என்ற ஆற்றல் அலகில் சொன்னால் தசமப் புள்ளிக்குப் பின் 20 சைபர் போட்டு, அப்புறம் 29 எழுதினால் வரும் அளவு. பார்ப்பதைச் செலவில்லாமல் செய்யலாம், மறப்பதற்குத்தான் காசு என்று சார்லஸ் பென்னட் 1982-ல் வழக்கை முடித்து வைத்தார். லேசர் ஒளியில் பிடித்து நிறுத்திய ஒரு நுண்மணியை வைத்து, 2012-ல் அந்தக் குட்டி வெப்பத்தை அளந்தே காட்டினார்கள்.

சுண்டைக்காய்த் தொகைதானே என்று தோன்றும். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு பிட் என்று போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் அழித்தால் ஏறக்குறைய 20 லட்சம் ஜூல் வருகிறது. அறை வெப்பநிலையில் இருக்கும் ஆறரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும்.

நண்பர் இப்போது முதல் அத்தியாயத்தைத் திருத்துகிறார். நாயகன் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போகிறான். ஓர் இடத்தில் மட்டும் கல் வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தை அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.