மூக்குக்குத் தெரியாத விலை

மலேசியாவில் தெலுக் இந்தானுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்திலிருந்து டியூஷனுக்கு வரும் நான்காம் படிவ மாணவி போன மாதம் ஒரு கேள்வி கேட்டாள். "சார், எங்க மில்லு குளத்த மூடி கரண்டு எடுக்கிறாங்க. வாசல்ல 'பசுமைச் சக்தி'ன்னு பெரிய பலகை வெச்சிருக்காங்க. ஆனா குளத்துப் பக்கம் வேலை இருக்கிற நாள்ல அப்பா தலைவலின்னு வந்து படுத்துக்கிறாரு. பசுமைன்னா தலை ஏன் சார் வலிக்கணும்?"

இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மில்லின் கழிவுநீர்க் குளத்து வாயுவிலிருந்து வரும் அந்த மின்சாரம் நமக்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. திறந்து கிடக்கும் குளத்தைவிட மூடிய குளம் எவ்வளவோ மேல். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அது மின்கட்டணச் சீட்டில் வராது, குளத்தங்கரையில் நிற்பவர் உடம்பில் வரும். அந்த விலை எங்கே உருவாகிறது என்று பார்க்க, சேற்றுக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும்.

செம்பனை எண்ணெய் மில்லில் நடப்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். குலையை நீராவியில் வேகவைத்து, பழத்தை உதிர்த்து, பிழிந்து, எண்ணெயைத் தெளியவைக்கிறார்கள். ஒரு டன் குலை உள்ளே போனால் ஏறத்தாழ 650 லிட்டர் கழிவுநீர் வெளியே வரும். பழுப்பு நிறம், புளித்த வாடை, 80 பாகைக்கு மேல் சூடு. முன்பு அது நேராக ஆற்றுக்குப் போனது. 1977இல் விதிகள் வந்த பிறகு வரிசையாகக் குளங்கள் வெட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடவிட்டுக் கழிவைச் செரிக்கவைத்தார்கள். அப்படிச் செரிக்கும்போது கிளம்பும் வாயுவை வானத்துக்கு விடாமல், தடித்த கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பால் குளத்தை மூடிப் பிடித்தால் அதுதான் பயோகேஸ். ஒரு டன் கழிவுநீரிலிருந்து 28 கன மீட்டர் அளவுக்கு வாயு கிடைக்கும், அதில் 60 விழுக்காட்டுக்கு மேல் மீத்தேன். எஞ்சினில் எரித்தால் சுமார் 60 யூனிட் மின்சாரம்.

மூடிய குளத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த விரிப்பு படுத்திருக்கும் எருமையின் வயிறு மாதிரி உப்பியிருக்கும். மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, வாயு நகரும்போது அந்தத் தண்ணீரும் மெல்ல இடம் மாறும். உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி.

குளத்துக்குள் ஆக்சிஜன் கிடையாது. ஒரு கூட்டம் நுண்ணுயிரிகள் மாவுச்சத்தையும் கொழுப்பையும் புரதத்தையும் சிறு துண்டுகளாக அறுக்கின்றன. அடுத்த கூட்டம் அவற்றைப் புளிக்கவைத்து அமிலங்களாக்குகிறது. இதுவரை தோசை மாவு புளிக்கிற கதைதான். மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை உடைத்து அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனும் ஆக்குகிறது. நான்காவது கூட்டம் அவற்றை மீத்தேனாக்குகிறது.

அதிசயம் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருக்கிறது. மூன்றாவது கூட்டம் தான் வெளியிடும் ஹைட்ரஜனாலேயே செத்துப்போகக் கூடியது. சுற்றிலும் ஹைட்ரஜன் கொஞ்சம் சேர்ந்தாலும் அந்த வினை நின்றுவிடும். புரோப்பியானிக் அமிலத்தை உடைக்கும் பாக்டீரியாவுக்கு வாழ வழி கிடைக்க, ஹைட்ரஜனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட இலையை உடனுக்குடன் எடுக்க ஆள் இல்லாவிட்டால் அடுத்த பந்தி உட்கார முடியாது, அடுப்படியில் எவ்வளவு சோறு வெந்திருந்தாலும் பயன் இல்லை. குளத்தில் இலை எடுப்பவை மீத்தேன் உயிரிகள். ஹைட்ரஜன் கசிந்த அடுத்த கணமே அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்கி விழுங்கிவிடும். மீத்தேனில் பெரும்பகுதி அசிட்டிக் அமிலத்திலிருந்துதான் வருகிறது, ஆனால் ஹைட்ரஜனைத் துடைக்கும் இந்த வேலை நடக்காவிட்டால் அந்த அசிட்டிக் அமிலமே உருவாகாது.

இந்த உறவைக் கண்டுபிடித்த கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் புதிதாகச் சொல்வது போலவே இருக்கும். சாராயத்தைத் தின்று மீத்தேன் தரும் ஒரு நுண்ணுயிரியை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகள் ஒரே உயிர் என்று நம்பிப் பெயரும் வைத்து வளர்த்தார்கள். 1967இல் அமெரிக்காவின் மார்வின் பிரையன்டும் அவருடைய சகாக்களும் அது ஒன்றல்ல, இரண்டு என்று காட்டினார்கள். ஒன்று சாராயத்தைத் தின்று ஹைட்ரஜன் விட்டது, மற்றொன்று ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் விட்டது. தனியாகப் பிரித்து வைத்தால் முதலாவது தன் ஹைட்ரஜனிலேயே மூச்சுத் திணறியது. பத்து ஆண்டு கழித்து, 1977இல், இந்த மீத்தேன் உயிரிகள் பாக்டீரியா வகையே இல்லை, ஆர்க்கியா என்ற தனிக் கிளை என்று கார்ல் வோஸ் அறிவித்தார். நம் மில்லுக் கழிவில் அப்பேர்ப்பட்ட பழங்குடிகள் குடியிருக்கிறார்கள்.

இவர்கள் நிதானமான ஆட்கள். அமிலக் கூட்டம் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும், மீத்தேன் உயிரிகளுக்குச் சில நாள் ஆகும். அறுவடை ஏறிய மாதத்தில் குளத்துக்குள் கழிவை அவசரமாக அள்ளி ஊற்றினால், அல்லது ஆறவிடாமல் சுடச்சுட விட்டால், அமிலம் முந்திக்கொள்ளும், குளம் புளித்துப்போகும், வாயு நின்றுவிடும். அனுபவமுள்ள குளத்து ஆள் ஒருவர் வாடையை வைத்தே இதைச் சொல்லிவிடுவார். ஆனால் அந்த மூக்கைத்தான் நம்பக் கூடாது.

ஏன் என்றால், அதே ஹைட்ரஜனுக்குக் குளத்தில் இன்னொரு பங்காளியும் இருக்கிறான். சல்ஃபேட் என்ற கந்தகச் சேர்மத்தை ஆக்சிஜனுக்குப் பதிலாக வைத்துச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள். ஹைட்ரஜன் மிகக் குறைவாக இருக்கும்போதும் அவற்றால் எடுத்துக்கொள்ள முடியும், மீத்தேன் உயிரிகளை முந்திவிடும். அவை வெளியிடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை வாடை என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும் அதே வாயு. மில்லுக் குளத்து வாயுவில் பத்து லட்சத்தில் ஆயிரம், இரண்டாயிரம் பங்கு என்ற அளவில் அது இருக்கும்.

பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். பத்து இருபது ஆனால் கண் எரியும், தலை வலிக்கும். நூறைத் தாண்டினால் சில நிமிடத்தில் மோப்ப நரம்பு மரத்துப்போய், வாடையே தெரியாது. "வாடை போயிருச்சு, இனிப் பரவாயில்ல" என்று நினைக்கிற அந்த நேரம்தான் ஆபத்தின் நடு மையம். எழுநூறு, ஆயிரம் என்று போனால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியையே அது பூட்டிவிடுகிறது, சயனைடு செய்யும் அதே வேலை. காற்றைவிடக் கொஞ்சம் கனமானது என்பதால் குழியிலும் சாக்கடை அறையிலும் தங்கிக் கிடக்கும்.

நான் ஆறாம் ஆண்டு படித்தபோது எங்கள் தோட்டத்து மில்லில் அடைத்துக்கொண்ட பம்பைப் பார்க்க ஒருவர் குழியில் இறங்கினார். ஏணியில் நாலு படி இறங்கியதும் சாய்ந்தார். மேலே நின்றவர் "அண்ணே" என்று கத்திக்கொண்டே குதித்தார். இரண்டு பேரையும் சாயங்காலம் கொண்டுவந்து லயத்து வாசலில் போட்ட பாயில் கிடத்தினார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதனாலேயே "முனி அடிச்சிருச்சு" என்றார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கிடா வெட்டிப் பூசை நடந்தது.

முனீஸ்வரன் எங்கள் தோட்டத்துக்குக் காவல். நானும் இன்றுவரை கும்பிடுகிறவன். ஆனால் அந்த இரண்டு சாவையும் முனியின் மேல் போட்டதால் அந்தக் குழியின் காற்றை யாரும் அளக்கவில்லை, கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். சதுப்பில் இரவில் தெரியும் தீயைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லிப் பிள்ளைகளை அடக்குவோம். 1776இல் இத்தாலியில் வோல்டா ஓர் ஏரியின் சேற்றைக் குச்சியால் கிளறி, எழுந்த குமிழிகளைப் பிடித்து எரித்துப் பார்த்தார், அதுவும் இதே மீத்தேன்தான். பயந்த இடத்தில் குச்சியை விட்டுப் பார்க்கிற அந்தப் பழக்கத்தைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர விரும்புகிறேன்.

சரி, மில்லு இந்த வாயுவை என்ன செய்கிறது? கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் எஞ்சின் எண்ணெய் அமிலமாகி உலோகத்தை அரித்துவிடும். பெரும்பாலும் ஓர் உயரமான கோபுரத்தில் வாயுவோடு கொஞ்சம் காற்றைக் கலந்து விட்டு, இன்னொரு வகை பாக்டீரியாவைக் கொண்டு சல்ஃபைடைக் கந்தக அமிலமாக மாற்றுகிறார்கள். காற்று மிஞ்சிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை இருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அடியில் வடியும் அமிலத்தையும் யாராவது கையாள வேண்டும்.

கசிவு இன்னொரு கணக்கு. ஒரு டன் கழிவுநீர் தரும் மீத்தேன் 12 கிலோ அளவில் இருக்கும். நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடிக்கும், இருபது ஆண்டுக் கணக்கில் 80 கிலோவுக்கு. எரித்துவிட்டால் மூன்று கிலோவுக்கும் குறைவான கரியமில வாயுதான். விரிப்பில் ஒரு கிழிசல், தளர்ந்த ஒரு குழாய்மூட்டு, எஞ்சினில் எரியாமல் தப்பும் கொஞ்சம் என்று நூறில் ஐந்து கிலோ வெளியே போனால், மற்ற தொண்ணூற்றைந்து கிலோ எரிந்து விடுகிற கரியமில வாயுவில் பாதிக்கும் மேற்பட்ட அளவுக்கு அந்த ஐந்தே சூட்டைக் கூட்டும். திறந்த குளத்தில் நூறும் போயிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் மூடிவிட்டோம், திறப்பு விழா முடிந்துவிட்டது என்று இருக்க முடியாது. கசிவைத் தேடுவது மாதாமாதம் செய்கிற வேலை.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2011இல் புதுப்பிக்கத்தக்கச் சக்திச் சட்டம் வந்தது. அதற்கான நிதிக்கு நம் மின்கட்டணத்தில் முதலில் 1 விழுக்காடும் 2014 முதல் 1.6 விழுக்காடும் பிடிக்கிறார்கள், குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு விலக்கு உண்டு. கட்டணச் சீட்டில் 'கேடபிள்யுடிபிபி' என்று அந்த நிதியின் மலாய்ச் சுருக்கப் பெயரில் ஒரு வரி இருக்கும், பாருங்கள். 2014 முதல் புதிய மில்லுகளுக்கு வாயு பிடிக்கும் ஏற்பாடும் கட்டாயம். செம்பனை ஆராய்ச்சிக்கு எண்ணெயின் மேல் டன் கணக்கில் தனித் தீர்வையே வசூலாகிறது. அதிக மகசூல் தரும் கன்றுக்குப் போகும் அக்கறையில் ஒரு சிறு பங்கு, இந்தக் குளத்துச் சேற்றுக்கும் அதன் ஓரத்தில் நிற்பவரின் மூச்சுக்கும் போக வேண்டும் என்பது என் கருத்து. இதை ஆசிரியர் கூட்டங்களிலும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

மற்ற பசுமைச் சக்திகளுக்கும் இப்படிப் பின்வாசல் உண்டு. டீசலில் கலக்கும் செம்பனை எண்ணெயைக் கரிச்சதுப்பு நிலத்தை வடித்து விளைவித்தால், வடிந்த நிலம் காற்றுப்பட்டு மக்கி, ஆண்டுக்கு 4, 5 சென்டிமீட்டர் அமிழ்ந்து, தன் கரியை வானத்துக்கு விடுகிறது. வேர் வெளியே தெரியச் சாய்ந்து நிற்கும் செம்பனையை நம் மாவட்டத்தில் யாரும் பார்க்காமல் இருக்க முடியாது. காற்றாலைக் காந்தத்துக்கு வேண்டிய அரிய மண் தனிமங்களோடு கதிரியக்கம் உள்ள தோரியமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில், அப்படிப்பட்ட தாதுவைப் பதப்படுத்திய ஆலை 1994இல் மூடப்பட்டது. தோரியத்தின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை வேண்டும்.

மாணவியின் கேள்விக்குப் பிறகு, அனுமதி வாங்கி நான்கு பிள்ளைகளோடு ஒரு மில்லுக் குளத்தைப் பார்க்கப் போனேன். எஞ்சின் அறை பளபளவென்று இருந்தது. பம்பு அறைச் சுவரில் வாயு எச்சரிக்கைக் கருவி ஒன்று மாட்டியிருந்தது. அதன் முகத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். மழை படுகிறதாம். உள்ளிருக்கும் உணரி இரண்டு மூன்று ஆண்டுதான் உழைக்கும், அளவு தெரிந்த வாயுவைக் காட்டி அடிக்கடி சரிபார்க்கவும் வேண்டும். கடைசியாகச் சரிபார்த்த தேதி எழுதும் ஒட்டுத்தாள் வெயிலில் வெளுத்து, எழுத்தே இல்லாமல் இருந்தது.

அவளுடைய அப்பாவைப் பிறகு தேத்தண்ணிக் கடையில் பார்த்தேன். தலைவலிக்கு முதலில் கிளினிக்குக்குப் போய், வேலை எங்கே என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். சட்டையில் மாட்டும் சின்னக் கருவி கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன்.

"ஒண்ணு இருக்குங்க சார். யாரு கீழ இறங்குறாங்களோ அவங்க மாட்டிக்குவாங்க."

"மேல நிக்கிறவரு?"

"அவரு சும்மா பாத்துக்கிட்டுத்தானே சார் நிக்கப் போறாரு."

ஏணியில் நாலு படியையும், "அண்ணே" என்ற அந்தக் குரலையும் அவரிடம் சொன்னேன். தேத்தண்ணி ஆறிவிட்டது. கருவி இரண்டு வேண்டும், இறங்குபவர் உடம்பில் கயிறும், மேலே நிற்பவர் கையில் அதன் மறுமுனையும் வாக்கிடாக்கியும் இருக்க வேண்டும், கீழே இருப்பவர் விழுந்தால் குதிக்கக் கூடாது, கயிற்றை இழுக்க வேண்டும் என்று என் டியூஷன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "தொழிற்சங்கத்துல குடுக்கிறேன் சார்" என்றார்.